மிதக்கும் போட்டி முடியும் நேரம்

அக்கா நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் போட்டிக்கு விதிமுறை எழுதும் வேலை எனக்கு வந்தது. தெரிந்தவர்கள் தண்ணீரில் இருப்பார்கள், தெரியாதவன்தான் பேப்பரோடு கரையில் நிற்க முடியும் என்பது அக்காவின் கணக்கு. தவிர, கல்லூரியில் மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டும் பத்திரிகைக்கு நானே ஆசிரியர், நானே நிருபர், பசை தடவுவதும் நானே. ஆகவே எழுத்து சம்பந்தப்பட்ட எதையும் என் தலையில் கட்டலாம் என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது.

போட்டி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா வேலை பார்க்கும் இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு குளம், அதற்குப் பக்கத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு சின்னக் குளம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்து வரை சின்னக் குளம் அக்காவின் வகுப்புக்கு. ஆறிலிருந்து எட்டு வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள். பத்து மணிக்குத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யும் பெண்கள் வருவார்கள். பிள்ளைகள் எந்த வாரமும் பத்து மணிக்குக் குளத்தை விட்டு ஏறியது இல்லை. ஒருவனைத் தூக்கிக் கரையில் வைத்தால் இன்னொருவன் அந்தப் பக்கம் இறங்கிவிடுவான். பார்த்துப் பார்த்து மேனேஜருக்கு வெறுத்துவிட்டது. ஒன்பது மணியையும் உடற்பயிற்சிக்காரர்களுக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

அக்காவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். வாரம் முழுக்க அவள் பெரிய குளத்தில் வேறொரு கோச்சுக்கு உதவியாள். இந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் அவள் டீச்சர். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினாள்: பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்து, சொன்ன நேரத்துக்கு முடித்துக் காட்டுவது. மேனேஜர் ஒத்துக்கொண்டார். பத்து அடித்தால் குளம் காலி, இல்லாவிட்டால் வகுப்பு காலி.

வேகப் போட்டி கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். யார் முதலில் வந்தார்கள் என்பது இல்லை, யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் விஷயமாம். முகத்தை முக்குவது, அடியில் கிடக்கும் வளையத்தை எடுப்பது, சுவரை உதைத்து அம்பு மாதிரி போவது, மல்லாந்து மிதப்பது. நாலு விளையாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதினைந்து நிமிடம். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பதினேழு விதிகள் எழுதினேன். எழுதி முடித்தபோது ஒரு நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதிவிட்ட மிதப்பு எனக்கு.

அந்தப் பதினேழில் முதல் ஓட்டை ஒன்பதே கால் மணிக்குத் தெரிந்தது.

முதல் விளையாட்டில் தண்ணீருக்குள் தலையை விட்டு ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அருகில் நிற்கும் ஜோடி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாப் பழமும் தண்ணீருக்குள் 'புளபுள' என்றுதான் கேட்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு பேரும் மாம்பழம் என்றார்கள். பன்னிரண்டும் சரி என்று எதிரில் இருந்தவர்கள் சத்தியம் செய்தார்கள். மதிப்பெண் தாளில் நான் எல்லாருக்கும் முழுசாகப் போட்டேன்.

இரண்டாவதில் குளத்தின் அடியில் பன்னிரண்டு வளையங்கள். ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்று நான் எழுதவில்லை. சித்தப்பா முதல் முழுக்கிலேயே ஒன்பதை அள்ளி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு எழுந்தான். அவனுக்கு ஏழு வயது. யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி என்று விசாரிப்பான், அதனால் அந்தப் பெயர். மற்றவர்கள் எதை எடுப்பது என்று கேட்டதற்கு, ஆளுக்கு ஒன்று அவனே பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னான். சொன்னபடி கொடுக்கவும் செய்தான். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்பு விளையாட்டில் மட்டும் குழப்பம் இல்லை. எல்லாரும் சுவரை உதைத்தார்கள், போனார்கள், நின்றார்கள். மணி ஒன்பது நாற்பத்தைந்து. மேனேஜர் கடிகாரத்துக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்பது போல.

கடைசி விளையாட்டு மிதப்பது. யார் அதிக நேரம் மிதக்கிறார்களோ அவர்கள் வெற்றி. போன வாரம் ஒத்திகையில் பெற்றோர்கள் தங்கள் பிள்ளையின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து ஏமாற்றினார்கள். அதனால் நான் பதினாறாவது விதியைக் கடுமையாக எழுதியிருந்தேன்: மிதக்கும் பிள்ளையை நடுவரோ, பயிற்சியாளரோ, பெற்றோரோ தொட்டால் அந்தப் பிள்ளை போட்டியிலிருந்து நீக்கப்படும். பதினேழாவது விதி, விசில் அடித்ததும் போட்டி முடியும். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எழுத முடியாது என்று நினைத்தேன்.

ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருவனுக்கு மூக்கில் தண்ணீர். ஒருத்திக்குச் சிரிப்பு. சித்தப்பா நன்றாகத்தான் மிதந்தான், பக்கத்தில் மிதந்தவளிடம் அவள் அப்பா ஊரில் இருக்கிறாரா என்று கேட்கப்போய் வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஒரே ஒருத்திதான் மிச்சம். வெற்றி யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. நான் விசிலை ஊதினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

மறுபடி ஊதினேன். கன்னம் வலிக்கிற வரைக்கும் ஊதினேன். பெரிய குளத்தில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு பேர் பயந்துபோய்க் கரையேறினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, குளத்தின் நடுவில் வாழை இலை மாதிரி கிடந்தாள். மல்லாந்து மிதப்பவர்களின் காது தண்ணீருக்குள் இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் பெயர் உடும்பு. பெயர் வைத்தது நான். மூன்று மாதமாக அவள் அக்காவின் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. குளத்தில் கால் வைத்ததும் அக்காவைக் கட்டிக்கொள்வாள், வகுப்பு முடிந்து கரையேறும்போதுதான் விடுவாள். அக்கா மற்ற பதினொரு பேருக்கும் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கழுத்தில் இவளை மாட்டிக்கொண்டுதான். வீட்டில் அக்காவின் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்ட வகையில் எனக்கும் அந்தப் பிடியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அன்று காலை முதல்தடவையாக அவளே விட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அக்கா அவளுக்கு இரண்டு கை தூரத்தில் தண்ணீரில் நின்றாள். ஒன்பது ஐம்பத்தைந்து.

கரையில் ஆலோசனைகள் கிளம்பின. உடும்பின் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். முகத்துக்கு நேரே துண்டை ஆட்டலாம் என்றார் ஒருவர், கண் மூடியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. இரும்பைத் தட்டினால் தண்ணீருக்குள் கேட்கும் என்று எங்கேயோ படித்த ஞாபகம் எனக்கு. ஏணியின் கம்பியில் விசிலால் டங் டங் என்று தட்டினேன். கேட்டது. அவள் அந்தத் தாளத்துக்குக் கால் கட்டைவிரலை ஆட்டினாள்.

மேனேஜர் விளிம்புக்கு வந்தார். கொஞ்சம் கையை நீட்டித் தட்டி எழுப்பினால் முடிந்தது என்றார். நான் பதினாறாவது விதியைக் காட்டினேன். விதியை எழுதியவன் யார் என்று கேட்டார். நான் பேப்பரைப் பார்த்தேன். பிறகு விதியெல்லாம் கிடக்கட்டும், தொடுங்கள் என்று அக்காவிடமே சொன்னார்.

அக்கா திரும்பவே இல்லை. அவள் கண் அந்தப் பெண்மீதே இருந்தது.

"மூணு மாசம் என் கழுத்துல தொங்கினவ சார் இவ. இன்னிக்குத்தான் கையை விட்டிருக்கா. இப்ப நான் தொட்டா நேரா கழுத்துக்கு வந்துருவா. அப்புறம் எந்தக் காலத்துல விடுவான்னு எனக்குத் தெரியாது."

"மணி பத்தாகப் போகுது, மேடம்."

"தெரியுது சார்."

"பத்தானா என்ன பேசினோம்?"

"அதுவும் தெரியுது."

நான் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு மணி நேரத்துக்காக ஒரு மாதம் தூங்காதவள், அதைக் கண் முன்னாலேயே போக விட்டுக்கொண்டு நின்றாள். பத்து அடித்தது. கடிகாரம் இரண்டுமே அதைச் சொல்லின.

உடற்பயிற்சிப் பெண்கள் பதினைந்து பேர் வந்து வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி, ரிட்டயர் ஆன ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். போட்டி நடக்கிறது என்றேன். எத்தனை பேர் போட்டியில் என்றார். ஒருத்தி என்றேன். யாரோடு போட்டி என்றார். நான் பேப்பரை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேனேஜரிடம் திரும்பினார்.

"இதுல நடுவர், கோச், பெத்தவங்க இவங்கதான் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு. மேனேஜரைப் பத்தி ஒண்ணும் இல்லையே. நீங்க போய்த் தொடுங்களேன்."

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் தண்ணீரைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார், பேன்ட்டை முட்டிவரை சுருட்டினார். இடுப்பளவு தண்ணீரில் முட்டிவரை சுருட்டுவதால் என்ன லாபம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கம்பி முடியும் இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, யாரோ துப்பாக்கி காட்டியது போல, நடக்க ஆரம்பித்தார்.

பாதி தூரத்தில்தான் கவனித்தேன், அவர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. இத்தனை வருடத்தில் கால் கழுவும் தொட்டியைத் தாண்டி அவர் தண்ணீரில் இறங்கி யாருமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் நடந்த நடையில் எழுந்த அலை உடும்பைத் தூக்கிப் போட்டது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"அங்கிள், ஆடாதீங்க. தண்ணி ஆடுது."

மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் ஏன் நின்றார் என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. தூக்கிய கையைக் கீழே போடவும் இல்லை. அலை அடங்கியது. உடும்பு மெல்ல மெல்ல நகர்ந்துபோய், தலையால் மேனேஜரின் வயிற்றில் முட்டினாள்.

அடுத்த நொடி அவள் அவர் கழுத்தில் இருந்தாள். அதே பிடி. மேனேஜரும் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்வது கஷ்டம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நான் நினைத்தேன்.

உடும்பு தலையைப் பின்னால் இழுத்து அவர் முகத்தை அருகில் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அதைவிடத் தண்ணீரே பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கையை விட்டாள், பின்னால் சாய்ந்தாள், மறுபடி மல்லாந்து மிதந்தாள்.

கரையில் பதினைந்து பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். நான் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்துவதா, தொடர்வதா, புதிதாக ஆரம்பிப்பதா என்று தெரியாமல் மூன்றையும் செய்தேன்.

பத்து பதினாலுக்கு அவள் தானாகவே எழுந்து நின்றாள். பசிக்கிறது என்றாள். படிவரைக்கும் தனியாக நடந்து ஏறி, அப்பா நீட்டிய துண்டுக்குள் போய்விட்டாள். பிள்ளைகளெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டார்கள், சித்தப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

குளத்தில் மேனேஜர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

வாங்க சார் என்று கூப்பிட்டேன். வர்றேன் என்றார். வரவில்லை. உடற்பயிற்சிப் பெண்கள் இறங்கலாமா என்று கேட்டார்கள். யாரும் இறங்க வேண்டாம், தண்ணீர் ஆடும் என்றார் அவசரமாக. அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. தண்ணீரைக் கலக்காமல் அவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கூட்டி வருவது போலவே அவள் பின்பக்கமாக நடந்தாள்.

"கீழ பாக்காதீங்க. என்னையே பாருங்க. மூச்சை விடுங்க."

மூச்சை விட்டார். நாலு அடி வந்தார்கள். கம்பிக்கு இன்னும் ஐந்தாறு அடி இருக்கும்போது அக்கா நின்றாள்.

"சார், அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணி?"

மேனேஜர் கம்பியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "மேடம், அதை ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்."

"பேசலாம் சார். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றாள் அக்கா, பிடித்த கையைத் தளர்த்தாமல், நகராமல். ஹெட்மிஸ்ட்ரஸ் கரையிலிருந்து தங்களுக்கும் அவசரம் இல்லை என்றார்.

மேனேஜர் இன்னொரு தடவை கம்பியைப் பார்த்துவிட்டு, "வழக்கம்போலத்தான்," என்றார்.

"வாயால சொன்னா போதுமா சார்? டேய், பேப்பரைக் கொண்டா."

நான் படியில் முட்டிவரை இறங்கி, ஒரு மிதவைப் பலகையின் மேல் கையில் இருந்த தாளையும் பேனாவையும் வைத்து அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன். அக்கா ஒரு கையை மட்டும் விட்டாள். அவர் அந்தக் கையால் பலகைமேல் சாய்ந்து, சனி ஒன்பது முதல் பத்து, சிறுவர் வகுப்பு, இந்த ஆண்டு முடியும் வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி என்றாள் அக்கா. தேதியும் போட்டார். அதன்பிறகுதான் கம்பி வந்தது.

ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தும்போது அவர் அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோய்விட்டார், ஃபைலில் வைக்க வேண்டுமாம். நல்லதுதான் என்று இருந்தேன். உடும்பின் அப்பா வந்து, மொத்தத்தில் யார்தான் ஜெயித்தது, என் பெண்ணுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டபோதுதான், அது மதிப்பெண் தாள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"எல்லாம் மேனேஜர் எழுதி வச்சிருக்கார் சார்," என்றேன். "துணி மாத்திட்டு வரட்டும், கேளுங்க."