பால் குடித்து இளைத்த பிள்ளை

...குடித்த பின் பிள்ளையின் எடை ஐம்பது கிராம் ஏறினால் தாய்ப்பால் மட்டும், அதற்குக் கீழே என்றால் புட்டிப்பாலும் சேர்த்து, இனிப் பேச்சு மாறக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுக்யோங் பிள்ளையை மார்போடு அணைத்தாள், நாளைக் காலை இந்தப் பிரசவ விடுதியை விட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் பாங் நர்ஸிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும், பால் ஊறுமென்று இரண்டு வாரமாக மூன்று வேளையும் கடற்பாசி சூப், இந்த வயிற்றில் பால் எங்கே ஊறும், மீன்தான் துள்ளும்... இங்கே அவளுக்குப் பேர்கூடக் கிடையாது, பிள்ளை வயிற்றில் இருந்தபோது வைத்த செல்லப்பேரைச் சேர்த்து ‘தோரி அம்மா’தான், பூசான் மீன் சந்தையில் போய்க் கேட்டுப் பார்க்கட்டும், கணவாய்க்கார சுக்யோங் என்றால் தராசே நிமிர்ந்து உட்காரும்... ஆ, இழுக்கிறானே கஞ்சப்பயல், குடிக்கிறானா, இல்லை வாங்காமலே தொட்டுத் தொட்டுப் பார்க்கிற கிராக்கியா?

குடிக்கும் முன் மூவாயிரத்து நானூற்றுப் பத்து கிராம். குடித்த பின், துடைத்துச் சுத்தம்செய்து தராசில் கிடத்தினால் மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.

“தோரி அம்மா, இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்குறேன். பால் குடிச்சு இளைச்ச பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்குறேன். டயப்பர மாத்தினீங்களா?”

“ஈரமா இருந்துச்சு நர்ஸம்மா. தண்ணிய வடிச்சுட்டுத்தான எடை போடணும்?”

“அது கணவாய்க்கு. புதுசக் கழட்டிட்டு, கூடையில போட்ட பழசை எடுத்துட்டு வந்து பிள்ளை பக்கத்துல வைங்க.”

வைத்தாள். மூவாயிரத்து நானூற்று அறுபத்திரண்டு. ஐம்பத்திரண்டு கிராம் குடித்திருக்கிறான், ஜெயித்துவிட்டாள், பிறகு ஏன் முகம் தொங்குகிறது, சற்றுமுன் இருபது குறைந்தபோது நெஞ்சு லேசானதே, அது என்ன, அப்பாடா, புட்டி என்றால் பகலில் கடை, ஐஸ், கூச்சல், பேர் சொல்லிக் கூப்பிடுகிற வாய்கள்... அப்படியென்றால் எடை கூடக் கூடாது என்றா தராசின் முன் நின்றாள், அவளா, போயும் போயும் அவளா?

“நர்ஸம்மா... பால் போதுமான அளவுக்கு இருந்தும், பகல்ல நான் கடைக்குப் போறப்ப ஒரு புட்டி குடுத்தா?”

“குடுங்க.”

“அவ்ளோதானா?”

“உங்க பாலு, உங்க பிள்ளை. மத்த நேரம் நீங்க குடுங்க, நடுவுல பால் கட்டினா பீச்சி எடுங்க. இதுக்கா ரெண்டு வாரமா என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தீங்க?”

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள், தராசிலிருந்து தூக்கித் தோளில் போட்டிருந்தவன் அந்தக் குலுக்கலில் ஒரு ஏப்பம் விட்டான், கழுத்தெல்லாம் புளித்த பால்வாசம், என்ன சுகம்... ஆனால் கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டார்களே, கொஞ்சம்கூட முறைக்காமல், அப்படியென்றால் இரண்டு புட்டி என்று கேட்டிருக்க வேண்டுமோ...