இரண்டு பெட்டிக்கு ஒரு இலக்கம்

யோகலிங்கத்தின் தட்டச்சுக் கடைக் கொம்பியூட்டர் பெட்டி, பவர் போய்விட்டதென்று, திருத்துவதற்காகக் கப்பல்துறை ஊரிலுள்ள ஒரு கடைக்குப் போனது. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவன் தம்பி ஞானசேகரம். பெட்டியும் திரும்பவில்லை, தம்பியும் திரும்பவில்லை. கண்டி வீதியில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் அவனை மறித்துப் பெட்டியை இறக்கச் சொன்னதைக் கண்டவர்கள் இருந்தார்கள். போய்க் கேட்டால், அப்படி ஒரு ஆளும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை என்ற ஒரே பதில்தான். மாதக்கணக்காய் அலைந்தும், தம்பி அங்கே போனான் என்று காட்ட ஒரு துரும்புகூட யோகலிங்கத்துக்குக் கிடைக்கவில்லை.

கடையை எத்தனை நாள்தான் பூட்டி வைப்பது? கிண்ணியாவிலிருந்து கூட்டாளி ஸைனுலாப்தீன் ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"ஐசே, ஊரெல்லாம் ஓடுற கள்ளச் சீடி என்ட பைக்குள்ள கிடக்கு. போட்டா வேலை முடிஞ்சுது."

"வேண்டாம், ஸைனுலாப்தீன் நானா. தம்பி கொழும்பில காசு குடுத்து வாங்கின விண்டோஸ். பில்லும் இருக்கு. முறைப்படி அதையே இதுக்கு மாத்துவம்."

"இந்த ஊரிலேயே அதைக் காசு குடுத்து வாங்கினது உங்கட தம்பி ஒராள்தான். அந்தக் காசுக்கு நான் ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருப்பன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

தம்பியின் சீடியைப் போட்டார்கள். உறையிலிருந்த இலக்கத்தை யோகலிங்கம் அச்சொட்டாக அடித்தான். அதே இலக்கம் தம்பியோடு போன பெட்டியின் முதுகிலும் ஒட்டியிருந்தது. இலக்கம் ஏற்கெனவே வேறொரு பெட்டியில் பதிந்திருக்கிறதென்று திரை ஏற்க மறுத்து, கொழும்பிலுள்ள கம்பனிக்குப் போன் எடுக்கச் சொன்னது. எடுத்தான். அவனுடைய தட்டுத்தடுமாறிய இங்கிலீஷைக் கேட்ட பெண் பிள்ளை தமிழுக்கு மாறினாள்.

"அண்ணா, பழைய கொம்பியூட்டர்ல இருந்து இதை எடுத்திட்டீங்களா?"

"அது இப்ப என்னட்ட இல்லை, பிள்ளை. பழுதாகிக் கிடந்தது."

"பழுதில்லையே. போன கிழமை இந்த இலக்கத்தைப் புதுசாப் பதிஞ்சிருக்கிறாங்க. அப்ப அது ஓடுதுதானே."

மறித்து இறக்கிய பெட்டியை யாரோ திருத்தி ஓட்டுகிறார்கள். யோகலிங்கம் பேனையை எடுத்தான்.

"எங்கயிருந்து பதிஞ்சது?"

"அது எங்களுக்குத் தெரியாது. பேர், ஊர் ஒண்டும் கேக்கிறதில்லை."

"போன கிழமை பதிஞ்சது எண்டு ஒரு கடிதம் தருவீங்களோ?"

"அப்படித் தர ஏலாது அண்ணா. பில் உங்களிட்ட இருக்குத்தானே? சொன்னா அங்க நிப்பாட்டி உங்களுக்கு மாத்தித் தாறன்."

மாத்துங்கோ என்று சொல்ல வாயெடுத்தான். மாத்தினால் அங்கே எங்கோ ஒரு மேசையில் திரை மறுக்கும். யாருடைய பெட்டி இது என்று ஒருவன் எரிந்து விழுவான். அந்தக் கோபம் யார் முதுகில் இறங்கும்? அந்த இடத்தில் தம்பி இருந்தால்?

"மாத்த வேண்டாம் பிள்ளை. அது அங்கேயே ஓடட்டும்."

"அது உங்கட உரிமை அண்ணா, சும்மா விட்டிடுறீங்களா?"

"ஓம். அடுத்த மாசம் நான் எடுத்தா, அது இன்னும் ஓடுதோ எண்டு மட்டும் சொல்லுவீங்களோ?"

"அது எதுக்கு?"

போனில் கதைப்பதை வேறு யாராவது ஒட்டுக்கேட்கலாம். "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பக்கத்தில் நின்று எல்லாம் கேட்ட ஸைனுலாப்தீன், "பெட்டி இருக்கு எண்டா, தம்பியும்..." என்று தொடங்கினான். பிறகு பைக்குள் கைவிட்டுத் தன் கள்ளச் சீடியை எடுத்தான். யோகலிங்கம் தம்பியின் சீடியை உறையில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, அவனுக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றான்.