காடியில் நானும் இருந்தேன்

மாயாண்டியின் காடி, அதான் கார், செமோர் முச்சந்தியில் லாரியின் பின்னால் போய் மோதியபோது நான் முன் சீட்டில் இருந்தேன். வலது கை ஒடிந்தது. போலீஸ் வருவதற்குள் வழியில் போன ஒரு புண்ணியவான் என்னை ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவனுக்குத் தொழிலாளர் காப்புறுதி ஆபீஸான சொக்சோவில் காசு உண்டு, போலீஸ் ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டு வா என்று வேலை இடத்தில் சொன்னார்கள். நகல்தானே என்று போனேன். ஒரு ஸ்டேஷனில் இன்னொரு ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கவுண்டரில் இருந்த இளம் போலீஸ்காரர், ரிப்போர்ட் கொடுத்தவர்தான் வர வேண்டும் என்றார்.

கொடுத்தவன் மாயாண்டி. "நாளைக்கு வாரேன் மச்சான்" என்பான். மறுநாள் காடி பட்டறையில் இருக்கும். அதற்கடுத்த நாள் போனே எடுக்க மாட்டான். கடைசியில் கட்டுப்போட்ட கையோடு காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய் நின்றேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திரு, போலாம்."

"எங்கலா?"

"பொண்ணு பாக்க. எங்கயாம்! போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அவன் பெண்டாட்டி குமுதா உள்ளேயிருந்து, "போயிட்டு வாங்களேன். அண்ணே அந்தக் கைய வச்சிக்கிட்டு எத்தன தடவ அலையும்?" என்றாள்.

மாயாண்டி தலையைச் சொறிந்தான். "அந்த ரிப்போர்ட்டு உனக்கு உதவாது மச்சான். காடியில நான் மட்டுந்தான்னு சொல்லிட்டேன்."

"அப்ப நான்?"

"நீ ஏறவே இல்ல."

"ஏறாமலா கை ஒடிஞ்சுச்சு? தூக்கத்துல ஒடிஞ்சிச்சா?"

"கத்தாதலா. மாசக் காசு வாங்கிட்டு ஆள் ஏத்துறேன்னு தெரிஞ்சா காடிய இழுத்துட்டுப் போயிருவான். என்கிட்ட அதுக்கு லைசென்சு ஏது? பின்னால இருந்தவனுங்க இறங்கி ஓடிட்டானுங்க, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்ட. போலீஸ் வந்தப்ப நான் மட்டுந்தான நின்னேன்? அதுல என்ன பொய்யி?"

அவனை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஏறிவிட்டேன். நான் ஸ்டேஷனில் இறங்கும்போது அவன் மோட்டார் சைக்கிளில் முந்தி வந்து வாசலில் நின்றான். "வேணாம் மச்சான்" என்று சட்டையைப் பிடித்தான். உதறிவிட்டு உள்ளே போனேன்.

கவுண்டரில் அதே இளம் போலீஸ்காரர். "மறுபடியுமா, பாச்சிக்?" என்று மலாயில் மாமா முறை வைத்துக் கேட்டார்.

"நகல் வேண்டாம். நானே ரிப்போர்ட் கொடுக்கிறேன். அந்தக் காடியில் நானும் இருந்தேன்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அவர் என் கையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற மாயாண்டியையும் பார்த்தார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? ரிப்போர்ட் கொடுத்தால் கையோடு நகல் கிடைக்குமே" என்றார்.

யார் சொன்னார்கள் எனக்கு? அத்தனை பஸ் ஏறி இறங்கினேனே!

எழுதி முடித்ததும் கையெழுத்துக் கேட்டார். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்துக் கையெழுத்துப் போடப் பழகியவன் நான். வலது கை கட்டுக்குள் கிடந்தது. இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தேன்.

வெளியே வந்ததும் மாயாண்டி பிடித்துக்கொண்டான். "என்னைய மாட்டிவிட்டுட்டீல்ல? நாளைக்கு யார் காடியிலலா வேலைக்குப் போவ?"

"கை கூடட்டும், பாத்துக்கலாம்."

நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பின்னாலேயே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறித் தொல. சொக்சோவுல சாப்பாட்டுக்கு மூடிருவான்."

"எனக்கு ஹெல்மெட்டு எங்க?" என்று கேட்டேன்.

அதற்கு அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.