கத்தரிக்காய் வாடகை

கிளென் ஈடன் புறநகரில் ஜோனின் வீட்டுக்குப் பின்னாலிருந்த அரை ஏக்கரில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சில வருடங்களாகத் தோட்டம் செய்துவந்தன. எழுத்தில் எதுவும் இல்லை. கணவனை இழந்த ஜோன், பக்கத்துத் தெருவுக்கு அகதியாக வந்து சேர்ந்த குணவதியிடம், புல் மண்டிக் கிடப்பதைவிட நீ எதையாவது நடேன் என்று வேலிக்கு மேலால் சொன்னதுதான் உடன்படிக்கை. வாடகை வாங்க அவர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு கிழமையும் குணவதி முதற் பறிப்பை ஜோனின் குசினி மேசையில் வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சான்ட்ரிங்ஹாம் பகுதிக் காய்கறிக் கடைகளுக்கு அனுப்புவாள். இறைச்சித் தொழிற்சாலையில் கணவன் சோதிலிங்கத்துக்கு வேலை போன பிறகு, அந்தக் கடைகளிலிருந்து வருவதுதான் வீட்டு வரும்படி.

1996 நவம்பரில், ஞாபக மறதி முற்றிய ஜோனை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மகன் பீட்டர் நிலத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றான். மாத முடிவுக்குள் காலி செய்யும்படி சொன்னான். அங்கே கோடை தொடங்கும் நேரம்; கத்தரி அப்போதுதான் வேர் பிடித்திருந்தது.

இலவசச் சட்ட ஆலோசனை தர வந்தவள் ஷாமினி என்ற மலேசியத் தமிழ் வழக்கறிஞர்.

"சும்மா இருக்க விட்டாங்கன்னா சும்மாவே அனுப்பிடலாம், ஆன்டி. ஆனா நீங்க வாராவாரம் காய்கறி கொடுத்தீங்கல்ல? அது வாடகைன்னு நான் வாதாடுறேன். மார்ச்ல அறுவடை முடியிற வரைக்குமாவது டைம் வாங்கலாம். கேட்டா என்ன சொல்வீங்க?"

"வாடகை எண்டு."

"ஆமா. அது போதும்."

விசாரணைக்குப் போகும் பஸ்ஸில், அடுத்த பாத்திக்காரி இராசமலருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரு சொல்லுத்தானே. வாய்க்குள்ள வைச்சிருந்து துப்பிப் போட்டு வா."

"ஓமடி, பாடமாக்கி வைச்சிருக்கிறன். நீ மேல நிண்டு பிரம்பைக் காட்டாதை."

சிறிய அறை. மத்தியஸ்தர் கேட்டார், ஷாமினி மொழிபெயர்த்தாள். காய்கறி கொடுத்தீர்களா? ஓம். தவறாமலா? ஓம். ஷாமினியின் முகம் தெளிந்தது.

பிறகு பீட்டர் குணவதியின் பக்கம் திரும்பி, அவளுக்கு விளங்கும்படி மெதுவான ஆங்கிலத்தில் கேட்டான்.

"அம்மாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு கதவைப் பார்க்கிறார். நீ சிநேகத்தில் வந்தாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ கொண்டுவந்ததெல்லாம் வாடகைதானா?"

ஷாமினி வேண்டுமென்றே நிதானமாக மொழிபெயர்க்கத் தொடங்கினாள். குணவதி காத்திருக்கவில்லை. தின்னக் கொடுத்ததற்குப் பின்னால் விலை சொல்வது அவளுடைய ஆட்களிடையே கேவலம். அதுவும் ஜோனுக்கு.

"நோ," என்றாள். "நோ ரென்ட். ஷீ மை ஃப்ரென்ட்."

ஷாமினி பேனாவை மூடினாள்.

குத்தகை இல்லை, நட்பின்பேரில் தந்த அனுமதிதான், அது முடிந்துவிட்டது என்றார் மத்தியஸ்தர்.

வெளி நடையில் பீட்டர் குணவதியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. நன்றி சொன்னான். பிறகு, வாங்கியவர்கள் வெறும் நிலமாகக் கேட்கிறார்கள், அந்தக் கம்பி வேலியையும் கழற்றிவிட முடியுமா என்று கேட்டான். குணவதி தலையாட்டினாள்.

"என்னவாம்?" என்றாள் இராசமலர்.

"நன்றியாம். வேலியையும் கழட்டட்டாம்."

"நன்றியோ? கொண்டுபோய்ச் சட்டியில போட்டுக் கறி வை."

"மலர், அந்த மனிசியைப் போய் எப்படியடி..."

"உன்ர சிநேகிதி, உன்ர மானம். சரி. நாலு வீட்டுச் சோத்தை அள்ளித் தானம் குடுக்க நீ ஆரடி?"

பஸ்ஸில் இராசமலர் முன் இருக்கையில் தனியே போய் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை வேலி கழற்ற குணவதியும் சோதிலிங்கமும் மட்டுமே போனார்கள். மற்ற மூன்று குடும்பங்களும் தங்கள் பாத்திகளின் செடிகளை முதல்நாளே பிடுங்கிவிட்டிருந்தன.