ஐந்து நாள் மாத்திரை

மருந்தியல் பேராசிரியருக்கு மனச்சோர்வு வந்தபோது கூடவே வெட்கமும் வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் இரண்டு நரம்பு செல்களை வரைந்து, நடுவில் ஓர் இடுக்கு விட்டு, ஒரு செல் மனத்தைச் சமன் செய்யும் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டுவதையும் கொட்டியதைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும் பாடமாக நடத்தியவர். உறிஞ்சும் அந்த வாயை அடைக்கிற மாத்திரையைத் தாமே விழுங்க நேரும் என்று அவர் நினைத்ததில்லை. மூன்று மாதமாகத் தூக்கம் போச்சு, சாப்பாடு மண்ணாச்சு, விடைத்தாள் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. கடைசியில் மனைவிதான் அவரை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மருத்துவர் அவருடைய பழைய மாணவி. தினம் ஒன்று போடச் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலை, வீட்டில் மூச்சு விடாமல் கிளம்பிப் போய், வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருந்து, உள்ளே நுழைந்ததும் சண்டைக்கு நின்றார்.

"அஞ்சு நாளாச்சும்மா. ஒண்ணும் கேக்கல. மாத்திரையே போலியோ என்னவோ."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "சார், காரணத்த நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

அவருக்குக் காது மடல் சுட்டது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தாமே சொன்னார். மாத்திரை முதல் நாளே உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். ஆனால் செரட்டோனின் தேங்குவதைச் செல்லின் மேலிருக்கும் காவல் ஏற்பிகள் மோப்பம் பிடித்து, சுரப்பைக் குறைத்துவிடும். அந்தக் காவல் அசர வாரக்கணக்காகும். வருடா வருடம் பரீட்சையில் இதைக் கேட்டு, தப்பாக எழுதியவர்களுக்குத் தயவு தாட்சண்யமில்லாமல் முட்டை போட்டவர் அவர்.

"என் செல்லுக்கு நான் யாருன்னு தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"தெரியாது சார். மூணு வாரம் கழிச்சு வாங்க. நடுவுல ரொம்ப முடியலன்னா உடனே கூப்பிடுங்க."

நான்காவது வாரம் ஒரு மாலை, மனைவி துணி உலர்த்திக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரர் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மதில் ஏறிய கதையைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் ஈரச் சட்டையும் கையுமாக நின்று அவரையே பார்த்தாள். உடனே அவர் காவல் ஏற்பிகளைப் பற்றி விளக்க வாயெடுத்தார்.

"அது கிடக்கட்டும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏறின மனுஷன் எப்படி இறங்கினாருன்னு கேளுங்க."

அவர் கேட்டார்.