'செக்வேன்' எதைப் பார்க்கிறது?

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட உண்மையில் முறையுள்ளவள் ஒருத்திதான். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே வேலை. நாத்தனார் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், வயதில் மூத்த மேலாளர்கூட "அண்ணியிடம் கேட்கவும்" என்று மின்னஞ்சல் எழுத ஆரம்பித்துவிட்டார். நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: சல்லடை. அது மென்பொருள் அலுவலகம்; அங்கே யார் நிரல் எழுதினாலும் இன்னொருவர் படித்துச் சம்மதம் கொடுத்த பிறகே அது வேலைக்குப் போகும். சல்லடையிடம் மாட்டியது எதுவும் அப்படியே போனதில்லை.

அவர்கள் எழுதிய நிரல் ஓர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஓடியது. திரையில் ஊரின் வரைபடம். காலியாக இருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பச்சைப் புள்ளி. அழைப்பு வந்தால் அறையில் இருப்பவர்கள் புள்ளியைப் பார்த்து வண்டியை அனுப்புவார்கள். சில மாதங்களாக அங்கிருந்து ஒரே புகார்: நன்றாக இருந்த புள்ளி திடீரென்று மறைகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்து நிற்கிறது. ஓட்டுநர்களிடம் கேட்டார்கள், வண்டிகளில் இருந்த கைபேசிகளை மாற்றினார்கள், கடைசியில் பழியை நெட்வொர்க் மேல் போட்டுவிட்டு எல்லோரும் ஓய்ந்துபோனார்கள்.

அன்று அண்ணி ஒரு புது வசதியை முடித்திருந்தாள். அழைப்பு வந்ததும் மிக அருகில் காலியாக இருக்கும் வண்டியை நிரலே தேடி மின்னவைக்கும். மாலையில் அதைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவதாகப் பேச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு சல்லடைக்கு அனுப்பிவைத்தாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் நிரலில் இருந்த பெயர்களைப் பற்றியே. 'எக்ஸ்' என்பது யார்? 'டி' என்பது என்ன? 'செக்வேன்' எதைப் பார்க்கிறது?

அண்ணிக்குச் சுருக்கென்றது. வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் சீட்டு ஒட்டிவைத்து மாமனாரையே படிக்கவைக்கிறவள், இங்கேயுமா என்று நினைத்தபடி எழுந்து நாத்தனாரின் மேசைக்குப் போனாள்.

"வேலை செய்யுதா இல்லையா, அதைச் சொல்லு. பேர்ல என்ன இருக்கு இப்போ?"

"செய்யுது அண்ணி. என்ன செய்யுதுன்னுதான் புரியல. படிச்சதும் புரியற மாதிரி பேர் வைங்க, உடனே ஓகே போட்டுடறேன்."

சரி, இவளோடு மல்லுக்கட்டுவதைவிட மாற்றிக் கொடுப்பதே சுலபம் என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். 'எக்ஸ்' என்பது அருகிலுள்ள வண்டி என்று சொன்னாள்; அதையே பெயராக வைத்தார்கள். 'டி' என்பது நேரம் என்றாள். நிமிடமா, நொடியா என்று சல்லடை கேட்டாள். அண்ணிக்குத் தெரியவில்லை. 'செக்வேன்' என்பது நிரலில் ஏற்கெனவே இருந்த ஒரு ஃபங்ஷன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தன் வேலையைச் செய்யும் ஒரு துண்டு; அதைக் கூப்பிடும்போது ஒரு நேரத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் தொண்ணூறு என்று இருந்ததால் அவளும் தொண்ணூறு என்று போட்டிருந்தாள்.

சல்லடை பேனாவைக் கீழே வைத்தாள். "வண்டி சும்மா இருக்கான்னு பார்க்கறதுக்கு எதுக்கு அண்ணி நேரம்?"

நியாயமான கேள்வி. இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு 'செக்வேன்' ஃபங்ஷனைத் திறந்தார்கள்.

முதல் சில வரிகள் வண்டி காலியா என்று பார்த்தன. அதற்குக் கீழேதான் விஷயம். காலியாக இருந்தால், கேட்டவரின் பெயரில் அந்த வண்டியைத் தொண்ணூறு நொடிக்குப் பிடித்து வைத்துக்கொண்டது. அதுவரை மற்றவர்களின் திரையில் அந்தப் புள்ளி இருக்காது. ஒரே வண்டியை இரண்டு பேர் அனுப்பிவிடக் கூடாதே என்று, அனுப்பும் நேரத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் 'செக்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, வெறுமனே பார்ப்பதற்கென்று நினைத்து, அதன் பிறகு ஆளாளுக்குக் கண்ட இடத்தில் எல்லாம் அதைக் கூப்பிட்டிருந்தார்கள். புள்ளிமேல் சொடுக்கி ஓட்டுநர் யார் என்று பார்க்கும் இடத்தில்கூட.

எழுதியவர் யார் என்று ஓரத்தில் இருந்தது. சல்லடையின் பெயர், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம்.

அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "நான்தான்" என்றாள் மெல்ல.

வேறு நாளாக இருந்தால் அண்ணி அதை ஒரு வாரத்துக்கு வைத்து ஓட்டியிருப்பாள். இப்போது அவள் மனம் அங்கே இல்லை. "ஏய், அவங்க வண்டி காணோம் காணோம்னு கத்தறது இதைத்தான்டி" என்றபடியே தொலைபேசியை எடுத்தாள்.

கட்டுப்பாட்டு அறையின் மேற்பார்வையாளரான ஓர் அம்மா எடுத்தார். அழைப்பு எதுவும் வராத நேரம்தான், காலியாக வண்டிகள் நிறையவே நிற்கின்றன என்றார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் திரையில் ஏதாவது ஒரு பச்சைப் புள்ளியைச் சொடுக்குங்கள், அனுப்ப வேண்டாம், சும்மா சொடுக்கினால் போதும் என்றாள். அப்புறம் பக்கத்து மேசைத் திரையில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"காணோம்" என்றார் அந்த அம்மா. பிறகு, குரல் மாறி, "இருங்க, இன்னொண்ணு தொடறேன். அதுவும் போச்சு. அடப்பாவிங்களா, நாங்க தொட்டுத்தான் போகுதா?"

சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். முதல் புள்ளி திரும்ப வந்துவிட்டதென்று அந்த அம்மா சொன்னதும் யாரோ கைதட்டினார்கள். அண்ணிக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. தன் புது வசதி, ஒவ்வோர் அழைப்புக்கும் எல்லா வண்டிகளையும் அதே ஃபங்ஷனால் பார்க்கிறது. அப்படியே மாலையில் போயிருந்தால் முதல் அழைப்பிலேயே மற்றவர்களின் வரைபடம் முழுக்கக் காலியாகியிருக்கும். சோதித்துப் பார்த்தபோது அவள் ஒருத்தியின் திரைதான் திறந்திருந்தது. அதில் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

அவள் அதைச் சொன்னதும் மேலாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இன்றைக்கே சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஏற்கெனவே விசைப்பலகையைப் பகிர்ந்துகொண்டு தட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள். பார்ப்பது மட்டும் செய்வதற்கு 'இஸ்வேன்ஃப்ரீ'. பிடித்து வைப்பதற்கு 'ஹோல்ட்வேன்'. நொடி என்பதும் தெரியவேண்டும் என்று சல்லடை பிடிவாதம் பிடித்து 'ஹோல்ட்வேன்ஃபார்செகண்ட்ஸ்' என்று நீட்டினாள்.

"கூட்ஸ் வண்டி மாதிரி போகுதே" என்றாள் அண்ணி.

"போகட்டும். இனி யாரும் சும்மா பார்க்கறதுக்கு இதைத் தொட மாட்டாங்க."

அண்ணி யோசித்துப் பார்த்தாள். அந்தப் பெயர் மட்டும் இருந்திருந்தால், காலையில் அவள் கை அதன் பக்கமே போயிருக்காது. தலையாட்டினாள்.

பழைய பெயர் இருந்த இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார்கள். இது பார்க்கிறதா, பிடிக்கிறதா? ஒருத்தி கேட்க, மற்றவள் படித்துச் சொல்ல, பின்னால் நின்ற கூட்டம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அனுப்பும் பொத்தான். இந்த முறை பல திரைகளைத் திறந்துவைத்துச் சோதித்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதியதால் படித்துப் பார்க்கும் வேலை மேலாளருக்கு வந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார், எங்கேயும் நிற்காமல் படித்து முடித்தார்.

வெயில் சாய்வதற்குள் நிரல் போய்ச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் அம்மா மறுபடி தொடர்பில் இருந்தார். எல்லா மேசைகளிலும் புள்ளிகளைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் மறையவில்லை என்றார். அடுத்த வார்த்தைக்குள் அங்கே மணி அடித்தது. உண்மையான அழைப்பு. ஒரு பெண் யாரிடமோ முகவரி கேட்பது தூரத்தில் கேட்டது.

"கிட்ட இருக்கற வண்டி தானா மின்னுது" என்றார் அந்த அம்மா. "அனுப்பியாச்சு. கிளம்பிடுச்சு. மத்ததெல்லாம் அப்படியே நிக்குது. சரி வைக்கிறேன், எனக்கு வேலை இருக்கு."

தொடர்பு அறுந்தது. சல்லடை அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். அண்ணி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் தேடல் பெட்டியில் 'செக்' என்று மட்டும் அடித்தாள். 'செக்' என்று தொடங்கும் ஃபங்ஷன்களால் திரை நிரம்பி வழிந்தது.

"அடுத்த பஸ்ஸுல போலாமா?" என்றாள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள்.