கைப்பிடி இல்லாத படிக்கட்டு

விடியற்காலையில் வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் சுவரின் குற்றம் தெரியும். அதற்காகவே மங்கையற்கரசி பழுகாமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, செட்டிபாளையத்துப் புதுவீட்டின் மேல்மாடியில் ஆறு மணிக்கே நின்றாள். கடற்பக்கத்து யன்னலால் வெயில் சுவரை உரசிக்கொண்டு நுழைய, கண்ணில் படாத மேடெல்லாம் நிழல் போட்டது. பெயின்ற் பூசுவதற்கு முன், அந்த நிழல்களைத் தேடித் தேடி மண்தாளால் தேய்த்தாள். புட்டித்தூள் புருவத்தில் அப்பியது. வாயில் கட்டியிருந்த சீலைத்துண்டு மூச்சில் நனைந்து களியாகிவிட்டது.

சுவிஸில் இருக்கும் வீட்டுக்காரர் போனில் பார்த்துப் பார்த்துச் சொன்ன வீடு அது. கீழே டைட்டேனியம் என்கிற, பளிங்கு போல மினுக்கிய வெள்ளைச் சீமெந்துத் தரை. வாவியைப் பார்த்தபடி ஆளுயரக் கண்ணாடி. நடுமண்டபத்துக்கு மேலே தளமே கிடையாது. கூரை வரைக்கும் வெறும் வெளி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்ற படிகளுக்குக் கைப்பிடியும் இல்லை. "இப்ப இதுதான் ஸ்டைல்" என்பார் கொந்தராத்துக்காரர் நிதுர்ஷன்.

மேல்மாடியின் விளிம்பில் வேலையாட்கள் விழாதபடி அஸ்பாக்தான் மரம் கட்டியிருந்தான். தரை போடும் மேசன், காத்தான்குடிக்காரன். அன்று ஏழரைக்குப் படம் பிடிக்கிறவனோடு வந்த நிதுர்ஷனின் கண்ணில் அந்த மரங்கள் குத்தின.

"இந்தக் குப்பையைக் கழட்டுங்க. வீட்டிட வடிவே தெரியல்ல."

"சேர், நான் தரையை மினுக்கிறத்துக்குப் பின்னால பின்னால வரோணும். மரம் இல்லாட்டி ஏலா" என்றான் அஸ்பாக்.

"பத்து நிமிசம். மங்கையக்கா, நீங்க அவிழுங்க."

அவள் முடிச்சை அவிழ்க்க, நின்றவர்கள் மரத்தைப் பிடித்து இறக்கினார்கள். படம் பிடித்தாயிற்று. மரத்தைத் திரும்பக் கட்டப் போனவளை நிதுர்ஷன் மறித்தார். பின்னேரம் வீடியோ எடுக்க வேண்டுமாம். அதுவரைக்கும் அப்படியே கிடக்கட்டுமாம். மேல்மாடித் தரையும் இன்றைக்கே முடிய வேண்டுமாம்.

பதினொரு மணியிருக்கும். அஸ்பாக் முழங்காலில் நின்று, மெழுகுத்துணியை வட்டம் வட்டமாக இழுத்தபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். அவனுடைய குதிகாலுக்குப் பின்னே தரை முடிந்திருந்ததை மங்கையற்கரசி கண்டாள். "தம்பி!" என்று அவள் கத்தியதும் அவன் விழுந்ததும் ஒன்றாகவே நடந்தன.

கீழே வெள்ளைத் தரையில் கிடந்தவன் கத்தவில்லை. "அக்கா, என்ட காலைக் காணல்ல" என்று மட்டும் சொன்னான். இரண்டு காலும் அவனோடுதான் இருந்தன.

சீலிங் வேலை செய்யும் ஜெயரூபன் அம்புலன்ஸில் கூடப் போனான். முள்ளந்தண்டு உடைந்துவிட்டது, இனி நடப்பானா என்பதைச் சொல்ல ஏலாது என்ற செய்தியோடு அடுத்த நாள் காலையில் நேரே வேலைக்கு வந்தான். அவனுக்கு முன்பே நிதுர்ஷன் வந்திருந்தார், கையில் தட்டச்சடித்த ஒரு தாளோடு.

"இஞ்ச நிக்கிற எட்டுப் பேரும் கையெழுத்து வைங்க. அஸ்பாக் வேலைக்கு வாற வழியில மோட்டார் சைக்கிளால விழுந்தவன். அவ்வளவுதான்."

ஒருவரும் கை நீட்டவில்லை.

"என்ன பாக்கிறீங்க? அவன் உங்கட ஊரா, உங்கட ஆளா? அவனுக்காக நீங்க எதுக்கு வேலையை இழக்கணும்?"

"கடிதத்தில நடந்ததை எழுதுங்க சேர், வைக்கிறம்" என்றான் ஜெயரூபன்.

நிதுர்ஷன் அவனை விட்டுவிட்டு மங்கையற்கரசியின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"மரத்தை அவிழ்த்தது ஆரு? நீங்கதானே? பொலிஸுக்குப் போனா முதல் விலங்கு உங்கட கைக்குத்தான். யோசிச்சுக்கொள்ளுங்க."

இரவெல்லாம் அவளைத் தின்றதும் அதே நினைப்புத்தான். கயிற்றின் முடிச்சு இன்னும் விரல்நுனியில் இருந்தது. வீட்டில் படிக்கிற மகள் விதுர்ஷா நினைவுக்கு வந்தாள். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது அஸ்பாக்கின் இரண்டு காலும் அதிலே கிடப்பதைப் போலிருந்தது.

"ஓம். நான்தான் அவிழ்த்த நான்" என்றாள். "நீங்க சொல்லி அவிழ்த்த நான். திரும்பக் கட்டப்போக மறிச்சதும் நீங்க. மூண்டையும் எழுதுங்க, முதல் கையெழுத்து நான் வைக்கிறன்."

"அக்கா தனிய அவிழ்க்கல்ல. மற்றப் பக்கம் பிடிச்சது நான்" என்றான் ஜெயரூபன்.

"மரத்தை இறக்கி அடுக்கினது நான்" என்றாள் சாந்து சுமக்கும் மேனுகா.

"மரம் இல்லாம வேலை நடந்ததைப் பாத்துக்கொண்டு நிண்டது நாங்க எல்லாரும்தான்" என்றார் வயர் வேலை செய்யும் சாமித்தம்பி.

நிதுர்ஷனின் முகம் கறுத்தது. "வெளியால போங்க! நாளைக்கில்ல, இண்டைக்கே வேற ஆக்கள் வருவாங்க. மட்டக்களப்பில ஒரு வேலையும் இனி உங்களுக்குக் கிடைக்காது!"

வெளியே வந்தார்கள். கேற் சாத்தப்பட்டது. வேலியோரம் மணலில் குந்தி, மேனுகாவின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த தாள்களில் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். தொழில் திணைக்களத்துக்கு ஒரு பிரதி, பொலிஸுக்கு ஒன்று, அஸ்பாக்கின் மனைவி றபீக்காவின் கையில் கொடுக்க ஒன்று. ஒவ்வொன்றிலும் எட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்தை மங்கையற்கரசி வைத்தாள். எழுத்துக் கோணினாலும் பெயர் முழுதாகவே விழுந்தது.

மத்தியானம் லொறியொன்று வந்து நின்றது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் இருந்த கச்சி முகம்மது என்ற மூத்த மேசன் தலையை நீட்டி, "இஞ்சதான் வேலையா?" என்று கேட்டார்.

"இஞ்சதான் காக்கா. இறங்கிறத்துக்கு முதல் ஒரு சொல் கேளுங்க" என்று அண்ணன்முறை சொல்லிக்கொண்டு மங்கையற்கரசி எழுந்து போனாள்.

சொல்லி முடித்தாள். கேற்றுக்கு உள்ளேயிருந்து நிதுர்ஷன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கச்சி முகம்மது லொறியை விட்டு இறங்கினார். பின்னால் போய்த் தன் ஆட்களோடு நெடுநேரம் கதைத்தார். இரண்டு பேர் முறுகினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்று ஒருவன் சத்தம் போட்டான். அவனுக்கும் அவரே ஆறுதலாக ஏதோ சொன்னார்.

பிறகு திரும்பி வந்து கேட்டார்:

"அந்தக் கடிதத்தில எங்கட பேருக்கும் இடம் இரிக்கா, தங்கச்சி?"

மேனுகா கொப்பியிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தாள்.